டானசி நினைவுக்கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாக்ஸ்வில்லில் குடியிருக்கிறேன். உறவினர், நண்பர் என்று யார் வந்தாலும் ஸ்மோக்கி மலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ டெல்லிகோ ஏரிக்கரைக்கு அழைத்துப் போய்விடுவேன். செரோக்கி மக்களின் டானசி என்ற ஊருக்காக அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. கல்லின் முன் நின்றதும் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பல வருடம் பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

இந்தக் கல் எங்கே இருக்கு? அதுல என்ன எழுதியிருக்கு?

மன்ரோ கவுண்டியில், வோனோர் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், லிட்டில் டென்னசி ஆற்றின் கரையில் இருக்கிறது. இன்றைக்கு அந்த இடத்தில் ஆறு ஏரியாக விரிந்து கிடக்கிறது. நாக்ஸ்வில்லிலிருந்து காரில் ஒரு மணி நேரம் ஆகும்.

டானசி 1721 முதல் 1730 வரை செரோக்கி நாட்டின் தலைநகராக இருந்தது, டென்னசி மாநிலத்துக்குப் பெயர் தந்தது, பிறகு பக்கத்து ஊரான சோட்டாவுக்குள் அடங்கிப் போனது என்பதுதான் கல் சொல்லும் செய்தியின் சாரம். இந்த அழகான மாநிலத்தில் வாழ்கிறவர்கள் எல்லோரும் என்றென்றும் செரோக்கி மரபோடு பிணைக்கப்பட்டவர்கள் என்றும் ஒரு வரி உண்டு. நானும் இங்கே வாழ்கிறவன் என்பதால் ஒவ்வொரு முறையும் அந்த வரியில் நின்றுவிடுவேன்.

கல்லு இங்க இருக்கு, சரி. ஊரு எங்க?

தண்ணீருக்குள். கல்லிலேயே அது எழுதியிருக்கிறது: ஊர் இருந்த இடம் இங்கிருந்து மேற்கே சுமார் 300 கஜத்தில், நீருக்கு அடியில். கல்லுக்கு முன்னால் நின்று ஏரியைப் பார்த்தால் ஒரு படகோ இரண்டு வாத்தோ தெரியும். அந்த நீர்ப்பரப்புக்குக் கீழேதான் டானசி.

மற்ற நினைவுக்கற்கள் 'இங்கே நடந்தது' என்று சொல்லும். இது 'அதோ அங்கே, அடியில்' என்று சொல்கிறது. 1979-ல் டெல்லிகோ அணையின் மதகுகளை மூடியபோது ஊர் மூழ்கியது. அணையைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

செரோக்கின்னா செவ்விந்தியர்தானே? அப்படிச் சொல்லலாமா?

சின்ன வயதில் நாம் எல்லோரும் காமிக்ஸ் புத்தகத்தில் படித்த சொல் அது. நான் இப்போது அதைச் சொல்வதில்லை. தோல் நிறத்தை வைத்தும், இந்தியாவைத் தேடி வந்தவர்களின் தவறான கணக்கை வைத்தும் வெளியாட்கள் சூட்டிய பெயர் அது. இந்த நாட்டில் கூட்டரசு ஏற்ற பழங்குடி நாடுகள் மட்டுமே 570-க்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் தனி மொழி, தனி வரலாறு. ஆகவே செரோக்கிகளைச் செரோக்கி என்றே சொல்வதுதான் சரி. பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'அமெரிக்கப் பூர்வகுடிகள்' என்று சொல்லலாம்.

அவர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பழைய பெயர் 'அனியுன்வியா'. முதன்மையான மக்கள், உண்மையான மக்கள் என்று பொருள். தங்கள் மொழியில் 'சலகி' என்றும் சொல்வார்கள். செரோக்கி என்பது வெளியிலிருந்து வந்த பெயர்தான், ஆனால் இன்றைக்கு அவர்களே தங்கள் அரசுகளுக்கு அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

டென்னசிங்கற பேரு நிஜமாவே இந்த ஊர்லேர்ந்துதான் வந்ததா?

ஆமாம். முதலில் ஊர்ப்பெயர், அப்புறம் ஊர் இருந்த ஆற்றின் பெயர், அப்புறம் 1796-ல் அமெரிக்காவின் 16-ஆவது மாநிலத்தின் பெயர். ஊர் நீருக்குள் போன பிறகும் ஒரு மாநிலமும் இரண்டு ஆறுகளும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கின்றன. பெரியது டென்னசி ஆறு. அதில் வந்து சேரும் கிளை லிட்டில் டென்னசி. டானசி இருந்தது இந்தக் கிளையாற்றின் கரையில்.

அப்போ டானசின்னா என்ன அர்த்தம்?

அர்த்தம் தொலைந்துவிட்டது. 'வளைந்து ஓடும் ஆறு', 'ஆறுகள் கூடும் இடம்' என்றெல்லாம் நினைவுப்பொருள் கடைகளில் எழுதி விற்பார்கள். அவற்றுக்கு ஆதாரம் கிடையாது. செரோக்கிகளோடு தங்கி அவர்களின் கதைகளையும் சொற்களையும் தொகுத்த ஜேம்ஸ் மூனி, இந்தப் பெயரைப் பிரித்துப் பொருள் காண முடியவில்லை என்று 1900-லேயே எழுதிவிட்டார். செரோக்கிகளுக்கும் முன்னால் இங்கே இருந்த வேறு யாருடைய சொல்லாகவும் இருக்கலாம் என்பவர்களும் உண்டு.

1762-ல போட்ட மேப்புலதான் 'டென்னசி'ன்னு முதல்ல எழுதினாங்கன்னு கல்லு சொல்லுதே?

அந்த இடத்தில் கல்லை முழுசாக நம்ப வேண்டாம். ஹென்றி டிம்பர்லேக் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1761 கடைசியில் ஆற்று வழியாக இங்கே வந்து சில மாதம் தங்கினார். ஊர் ஊராக, வீடுகளோடு ஒரு வரைபடம் போட்டார். 1765-ல் அது அச்சாகி, இன்றைய எழுத்துக்கூட்டலைப் பரப்பியது. ஆனால் அதற்கும் முன்பே, 1750-களில், தென் கரோலினாவின் ஆளுநர் ஜேம்ஸ் க்ளென் தன் அரசாங்கக் கடிதங்களில் இதே எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்தியிருக்கிறார்.

இன்னும் பின்னால் போனால், 1567-ல் இந்தப் பக்கம் வந்த ஸ்பானியத் தளபதி ஹுவான் பார்டோவின் பயணக் குறிப்பில் 'தனாஸ்கி' என்று ஓர் ஊர் வருகிறது. அது இந்த டானசிதானா, வேறு இடத்திலிருந்த ஊரா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. பெயர் பழையது என்பது மட்டும் நிச்சயம்.

டானசியும் சோட்டாவும் ஒண்ணா, ரெண்டா?

ஒட்டினாற்போல இருந்த இரண்டு ஊர்கள். டானசிக்கு வடக்கே சோட்டா. முதலில் டானசி ஓங்கியிருந்தது, 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் சோட்டா வளர்ந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டது. சுற்றிலும் டோக்வா, டொமாட்லி, சிட்டிகோ, டஸ்கீகி என்று ஆற்றோரமாக வரிசையாக ஊர்கள். கரோலினாவிலிருந்து வந்த ஆங்கிலேய வணிகர்கள் மலையைத் தாண்டி வர வேண்டியிருந்ததால் இவற்றுக்கு 'மலைக்கு அப்பாலுள்ள ஊர்கள்' என்று பெயர் வைத்தார்கள்.

நினைவிடங்களும் இரண்டு. டானசிக் கல் சாலையோரத்திலேயே இருக்கிறது. அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போய், வண்டியை நிறுத்திவிட்டு நடந்தால் சோட்டா நினைவிடம் வரும். பலர் கல்லை மட்டும் படம் பிடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

'பேரரசர்'னு போட்டிருக்கே, இவங்களுக்கு ராஜா இருந்தாரா?

இல்லை. எல்லாக் கேள்விகளிலும் இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். கல்லில் அந்தச் சொல் இருப்பதால் ஒரு சாம்ராஜ்யம், ஒரு சிம்மாசனம் என்று மனதில் படம் வந்துவிடுகிறது.

ஒவ்வொரு செரோக்கி ஊரும் தன்னைத் தானே ஆண்டுகொண்டது. ஊர்மன்றத்தில் எல்லோரும் கூடி, பேசிப் பேசி, ஒத்துவரும் வரை பேசி முடிவெடுப்பார்கள். அமைதிக் காலத்துக்கு ஒரு தலைவர், போர்க்காலத்துக்கு வேறொரு தலைவர். யாரும் யாரையும் கட்டளையிட்டு இழுத்துப் போக முடியாது. தனக்கு ஒப்பாதவன் விலகிக்கொள்ளலாம். பிரிட்டிஷாருக்கு இது வசதிப்படவில்லை. தோல் வணிகத்துக்கும் நில ஒப்பந்தத்துக்கும் கையெழுத்துப் போட ஒரே ஆள் வேண்டும். 1721-ல் கரோலினா ஆளுநரோடு பேச்சு நடந்தபோது டானசியின் தலைவர் அந்த 'ஒரே ஆள்' ஆனார்.

1730-ல் அலெக்சாண்டர் கமிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வந்தார். யாரும் அவரை அனுப்பவில்லை. டெல்லிகோ ஊரின் மோய்டாய் என்பவரைப் பேரரசராக அறிவித்தார். கல்லில் டானசியின் தலைநகர்க் காலம் 1730-ல் முடிவதற்குக் காரணம் இதுதான். 'டானசியின் மகுடம்' என்று ஒன்றையும், ஏழு செரோக்கிகளையும் கமிங் லண்டனுக்குக் கொண்டுபோய் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் முன் நிறுத்தினார். அந்த ஏழு பேரில் இளையவர் ஒருவர் பிற்காலத்தில் சமாதானத்துக்காக ஓயாமல் அலைந்த பெரிய தலைவரானார். அவர் பெயர் அட்டகுல்லகுல்லா.

ஆகவே 'பேரரசர்', 'தலைநகர்' இரண்டையும் வெள்ளைக்காரர்கள் பார்த்த பார்வை என்று எடுத்துக்கொள்ளுங்கள். செரோக்கிகளின் வழக்கப்படி சோட்டா ஒரு 'தாய் ஊர்'. அடைக்கல ஊரும்கூட. கொலை செய்துவிட்டு ஓடி வந்தவனையும் அங்கே இருக்கும் வரை யாரும் தொட மாட்டார்கள். ஒரு ஊரின் பெருமைக்குப் பேரரசரைவிட அது பெரிய சாட்சி என்று நினைக்கிறேன்.

சோட்டாவில எட்டுத் தூண் எதுக்கு?

அந்த இடத்தில்தான் ஊர்மன்றம் இருந்தது. மரத்தால் எழுப்பி, மேலே மண்ணைப் பூசிய வட்டக் கூடம். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் சின்ன மலை போலத் தெரியும், உள்ளே ஒரே இருட்டு, 500 பேர் உட்காரலாம் என்று டிம்பர்லேக் எழுதியிருக்கிறார். ஏரி மூழ்கடிக்காதபடி மண் கொட்டி மேடாக்கி, அதன் மேல் தூண்களை வட்டமாக நிறுத்தியிருக்கிறார்கள்.

ஏழு தூண்கள் ஏழு குலங்களுக்கு: ஓநாய், மான், பறவை, வண்ணம், நீலம், நீள்முடி, காட்டுக் கிழங்கு. எட்டாவது தூண் முழு நாட்டுக்கும். கூரையும் சுவரும் இல்லை. நடுவில் நின்றால் ஏரிக்காற்று நேரே முகத்தில் அடிக்கும்.

அந்த ஊர்ல ஜனங்க எப்படி வாழ்ந்தாங்க?

கூடாரத்தில் இல்லை, குதிரை மேல் எருமை துரத்தி அலையவும் இல்லை. அது மேற்குச் சமவெளி மக்களின் வாழ்க்கை, அதையும் சினிமா பாதி கெடுத்துவிட்டது. செரோக்கிகள் விவசாயிகள். ஆற்றோர வண்டல் மண்ணில் மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றையும் சேர்த்து விதைப்பார்கள். சோளத்தட்டையில் அவரை கொடியேறும், பூசணி இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கும். கோடைக்குத் திறந்த நீள வீடு, குளிருக்குப் பக்கத்திலேயே மண் பூசிய வட்ட வீடு. ஆற்றில் கற்களை அடுக்கி அணைகட்டி மீன் பிடித்தார்கள்.

ஆறு அவர்களுக்கு வெறும் தண்ணீர் இல்லை. 'நீள மனிதன்' என்று அழைத்தார்கள். தலை மலையில், கால் சமவெளியில் நீட்டிப் படுத்திருப்பவன். விடியற்காலையில் ஆற்றில் இறங்கி முழுகுவது ஒரு வழிபாடு. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் வழக்கு புரியும்.

பெண்களைப் பத்தி கல்லுல ஒரு வரிகூட இல்லையே?

இல்லை. அது பெரிய குறை. செரோக்கிகளில் குலம் தாய்வழியாக வரும். வீடும் வயலும் பெண்ணுடையவை. கல்யாணமானால் கணவன்தான் மனைவி வீட்டுக்கு வருவான்.

சோட்டாவின் நான்யெஹி பற்றி அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். ஆங்கிலத்தில் நான்சி வார்ட் என்பார்கள். 1755-ல் தலிவா போரில் கணவர் இறந்து விழுந்ததும் அவர் துப்பாக்கியை எடுத்துப் போரிட்டார். அப்புறம் 'அன்புக்குரிய பெண்' என்ற பதவி கிடைத்தது. மன்றத்தில் பேசவும், பிடிபட்டவர்களின் உயிரைக் காக்கவும் அந்தப் பதவிக்கு உரிமை உண்டு. 1776-ல் எரிக்கப்படவிருந்த வெள்ளைக்காரப் பெண் ஒருவரை அப்படிக் காப்பாற்றினார். 1817-ல், வயதாகி மன்றத்துக்கு வர முடியாத நிலையில், இனிமேல் நிலத்தை விட்டுக்கொடுக்காதீர்கள் என்று மற்றப் பெண்களோடு சேர்ந்து செய்தி அனுப்பினார். 1822-ல் காலமானார்.

அங்க ஒரு சமாதி இருக்கே, அது யாரோடது?

ஓகோனஸ்டோட்டாவுடையது. சோட்டாவின் பெரிய போர்த்தலைவர். 1760-ல் பிரிட்டிஷாரின் லவுடன் கோட்டையை முற்றுகையிட்டுப் பணிய வைத்தவர். 1783-ல் இறந்தார். 1969-ல் அகழாய்வில் கண்டெடுத்தபோது உடல் ஒரு மரப்படகில், சவப்பெட்டி போல, வைக்கப்பட்டிருந்தது. கூடவே ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்ட முதிய தலைவர் என்று பழைய குறிப்புகளோடு ஒத்துப்பார்த்து, இவர்தான் என்று உறுதி செய்தார்கள். பிறகு நினைவிடத்தின் பக்கத்திலேயே மறுபடி புதைத்தார்கள்.

சமாதி மேல் நாணயமும் புகையிலையும் சின்னக் கற்களும் பார்த்திருக்கிறேன். யாரோ மரியாதைக்காக வைத்துவிட்டுப் போனவை. அவற்றைத் தொடாதீர்கள், குழந்தைகளையும் தொட விடாதீர்கள்.

'கண்ணீர்ப் பாதை' இங்கேர்ந்துதான் கிளம்பிச்சா?

இல்லை. கேட்பவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1838-ல் படையை விட்டுச் செரோக்கிகளை வீட்டிலிருந்து இழுத்துச் சேர்த்து, இன்றைய ஓக்லஹோமாவுக்கு நடத்திப் போனார்கள். அந்தக் கட்டாயப் பயணத்துக்குத்தான் 'கண்ணீர்ப் பாதை' என்று பெயர். சுமார் 16,000 பேரை வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 4,000 பேர் செத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஆனால் அதற்கு 19 வருடம் முன்பே இந்தக் கரை அவர்கள் கையை விட்டுப் போய்விட்டது.

நடந்தது இப்படி: 1780 டிசம்பரில் வெள்ளைக்காரக் குடியேறிகளின் எல்லைப்புறப் படைகள் சோட்டாவை எரித்தன. 1788-ல் ஓல்ட் டாசல் என்ற தலைவரை வெள்ளைக்கொடியின் கீழ் பேச அழைத்து வெட்டிக் கொன்றார்கள். அதோடு நாட்டின் மன்றம் தெற்கே, இன்றைய ஜார்ஜியாவிலுள்ள உஸ்டனாலிக்கு மாறியது. 1819 ஒப்பந்தத்தில் லிட்டில் டென்னசிக்கும் ஹைவாசி ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் முழுவதும் எழுதி வாங்கப்பட்டது. டானசியும் சோட்டாவும் அதற்குள் அடக்கம்.

கண்ணீர்ப் பாதையின் நினைவிடத்தைப் பார்க்க வேண்டுமானால் தென்மேற்கே ப்ளைத்ஸ் ஃபெரி என்ற பழைய படகுத்துறைக்குப் போங்கள். ஹைவாசி ஆறு டென்னசியோடு சேரும் இடம். 1838-ல் சுமார் 9,000 பேர் அங்கே ஆற்றைக் கடந்தார்கள். 1835 கணக்கெடுப்பில் இருந்த 2,535 குடும்பத் தலைவர்களின் பெயர்களைச் சுவரில் பொறித்திருக்கிறார்கள்.

அப்படி என்ன அவசரம், அணை எதுக்குக் கட்டினாங்க? கரண்டுக்கா?

டெல்லிகோ அணையில் ஒரு மின் ஜெனரேட்டர்கூடக் கிடையாது. கட்டியது டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், அதாவது டி.வி.ஏ. என்ற அரசு நிறுவனம். வேலை 1967-ல் ஆரம்பித்தது. லிட்டில் டென்னசியின் தண்ணீரை ஒரு கால்வாய் வழியாகப் பக்கத்து ஏரிக்குத் திருப்பினால் அங்கே ஏற்கெனவே இருக்கும் மின்நிலையத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நீர் கிடைக்கும். முக்கிய நோக்கம் வட்டார வளர்ச்சி: தொழிற்சாலை, பொழுதுபோக்கு, ஏரிக்கரை மனைகள். டிம்பர்லேக் பெயரிலேயே ஒரு புது நகரம் கட்டத் திட்டம் போட்டு, 1970-களின் நடுவில் கைவிட்டார்கள்.

இதற்காக சுமார் 38,000 ஏக்கர் வாங்கப்பட்டது. அதில் பாதிக்கும் குறைவுதான் தண்ணீருக்குள் போனது. 300-க்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. செரோக்கிகள் போன பிறகு அங்கே தலைமுறையாகப் பயிர் செய்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் அவை. அவர்களின் வலியும் வலிதான். இன்றைக்கு ஏரிக்கரைக் குடியிருப்பில் டானசி, டோக்வா என்ற பெயர்களில் கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. மூழ்கிய ஊர்களின் பெயர்கள் அவை. அந்தப் பலகைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

ஒரு மீனுக்காக இந்த அணையை நிறுத்தி வெச்சாங்களாமே?

ஆமாம், மூன்று அங்குல மீன். ஸ்னெயில் டார்ட்டர் என்று பெயர், நத்தை தின்னும். 1973-ல் டேவிட் எட்னியர் என்ற விலங்கியலாளர் இந்த ஆற்றில் கண்டுபிடித்தார். அதே வருடம்தான் அழியும் உயிரினங்களைக் காக்கும் சட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1978 ஜூனில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் மீன் பக்கம் தீர்ப்பானது. பிறகு சட்டத்திலிருந்து விலக்குத் தரலாமா என்று பார்க்க அமைத்த உயர்மட்டக் குழுவும், திட்டம் பொருளாதார ரீதியாகவே லாபமில்லை என்று 1979 ஜனவரியில் ஒருமனதாக மறுத்துவிட்டது.

அப்படியும் அணை வந்தது. நிதி ஒதுக்கீட்டு மசோதா ஒன்றில் டெல்லிகோவுக்கு மட்டும் விலக்கு என்று ஒரு பிரிவைச் செருகி நிறைவேற்றினார்கள். 1979 செப்டம்பரில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்டார். நவம்பர் 29-ஆம் தேதி மதகு மூடியது. மீன் வேறு ஆறுகளில் பிழைத்துக்கொண்டது. 2022-ல் ஆபத்துப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

மீனுக்கு வழக்குப் போட்டாங்க, சரி. செரோக்கிகள் போடலையா?

போட்டார்கள். பலருக்கு அது தெரியவே தெரியாது என்பதுதான் எனக்கு இந்தப் பக்கத்தை எழுதத் தோன்றியதற்குப் பெரிய காரணம். சட்டக் கல்லூரிகளில் மீன் வழக்கைப் பாடமாக வைக்கிறார்கள். மனிதர்களின் வழக்கை அடிக்குறிப்பில் தேட வேண்டியிருக்கிறது.

1979 அக்டோபரில், மதகு மூடச் சில வாரம் இருக்கும்போது, அம்மொனீட்டா செக்கோயா என்ற மருத்துவரும் மற்றும் சிலரும் செரோக்கி அமைப்புகளோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். அவர் நாட்டு மருந்து கொடுப்பவர். மூலிகை பறிப்பதற்கும் வழிபாட்டுக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கு வருகிறவர். எங்கள் முன்னோரின் எலும்பு இங்கே இருக்கிறது, மூழ்கடித்தால் எங்கள் சமய உரிமை போகும் என்பதுதான் வாதம். நிலம் உங்களுடையது இல்லை, அதனால் உரிமை கோர முடியாது என்றது கீழ் நீதிமன்றம். 1980-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நிலம் சொந்தமில்லை என்பது மட்டுமே காரணமாகாது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் இந்த இடம் உங்கள் சமயத்துக்கு மையமானது என்று நிரூபிக்கவில்லை, நீங்கள் சொல்வது பண்பாடும் வரலாறும்தான் என்று சொல்லித் தள்ளுபடி செய்தது. அதற்குள் ஏரி நிரம்பிவிட்டது.

ஆற்றையே 'நீள மனிதன்' என்று வணங்கியவர்களிடம் சமயம் வேறு, பண்பாடு வேறு என்று பிரித்துக் காட்டச் சொன்னது நியாயமே இல்லை என்பது என் கருத்து.

மூழ்கறதுக்கு முன்னாடி தோண்டிப் பார்த்தாங்களா? எடுத்ததெல்லாம் எங்க?

டென்னசி பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் 1967 முதல் பல வருடம் தோண்டினார்கள். ஊர்மன்றத்தின் தூண்குழிகள், வீடுகள், பானை, மணி, புகைக்குழாய் என்று நிறையக் கிடைத்தன. செரோக்கிகளுக்கும் பல ஆயிரம் ஆண்டு முந்தைய குடியிருப்புகளும் வெளிப்பட்டன. நமக்கு இந்த ஊர்களைப் பற்றி இவ்வளவு தெரிவது அந்த வேலையால்தான்.

ஆனால் கல்லறைகளையும் தோண்டினார்கள். எலும்புகள் வருடக்கணக்கில் பெட்டிகளில் இருந்தன. செரோக்கிகள் விடாமல் கேட்ட பிறகு, ஏறத்தாழ 190 பேரின் எச்சங்களை வோனோரில் உள்ள செக்கோயா அருங்காட்சியகத்துக்குப் பின்னால் ஒரே மேட்டில் அடக்கம் செய்தார்கள்.

தண்ணி இறங்கினா ஊரு தெரியுமா? ஏதாவது கிடைச்சா எடுத்துக்கலாமா?

குளிர்காலத்தில் நீர்மட்டம் சில அடிதான் இறங்கும். கரையோரச் சேறு தெரியும், ஊர் தெரியாது.

எடுக்கக் கூடாது. ஒரு பானை ஓடுகூட. இந்த மாதிரி நிலத்திலிருந்து தொல்பொருளை எடுப்பது 1979-லேயே இயற்றிய கூட்டரசுச் சட்டப்படி குற்றம், சிறைகூட உண்டு. சட்டம் இருக்கட்டும், மேலே சொன்னபடி இது கல்லறைகள் உள்ள இடம்.

அந்தச் செக்கோயா யாரு? அடிக்கடி அந்தப் பேரு வருதே?

அருங்காட்சியகத்துக்குப் பெயர் தந்த செக்கோயா, செரோக்கி மொழிக்கு எழுத்துக் கொடுத்தவர். வழக்குப் போட்ட அம்மொனீட்டா செக்கோயா வேறொருவர். மேலே சொன்ன டஸ்கீகி ஊரில், இதே ஆற்றங்கரையில் பிறந்தார். எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. வெள்ளைக்காரர்கள் காகிதத்தில் பேசிக்கொள்வதைப் பார்த்து, நம் மொழிக்கும் முடியும் என்று வருடக்கணக்கில் முயன்று 1821-ல் முடித்தார். ஒவ்வோர் அசைக்கும் ஓர் எழுத்து, மொத்தம் 86. பிறகு 85 ஆனது. நம் 'க, கா, கி' போல மெய்யும் உயிரும் சேர்ந்த ஒலிக்கு ஒரே எழுத்து, ஆனால் நம்முடையதைப் போலக் கொம்பு, கால், விசிறி கிடையாது, ஒவ்வொன்றும் முற்றிலும் வேறு உரு.

சில வருடங்களில் மக்கள் பெருமளவில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். 1828-ல் செரோக்கி மொழியிலும் ஆங்கிலத்திலும் செய்தித்தாளே வந்தது. பத்து வருடம் கழித்து, அந்தச் செய்தித்தாளைப் படித்த மக்களைத்தான் படை வந்து ஓட்டியது.

இப்போ செரோக்கிகள் இருக்காங்களா?

நன்றாகவே இருக்கிறார்கள். கூட்டரசு ஏற்ற மூன்று அரசுகள் உள்ளன. ஓக்லஹோமாவின் டாலக்வாவில் செரோக்கி நேஷன், 4,50,000-க்கும் மேல் குடிமக்கள். அதே ஊரில் யுனைடெட் கீட்டூவா பேண்ட். மலைக்கு அந்தப் பக்கம், வட கரோலினாவில் ஈஸ்டர்ன் பேண்ட். 1819-ஐ ஒட்டிய ஒப்பந்தங்களின் கீழ் தனி நிலம் பெற்று அங்கேயே தங்கிவிட்டவர்களும், 1838-ல் மலைக்குள் ஒளிந்து தப்பியவர்களும் இவர்களின் முன்னோர். ஸ்மோக்கி மலைக்குப் போகிறவர்கள் செரோக்கி என்ற ஊரைத் தாண்டியிருப்பீர்கள். கடைப்பலகைகளில் செக்கோயாவின் எழுத்தைப் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே வீட்டுப் பிள்ளைகளிடம் 'இங்கே ஒரு காலத்தில் செரோக்கிகள் இருந்தார்கள்' என்று முடித்துவிடாதீர்கள்.

குழந்தைகள், வயசானவங்களோட போகலாமா?

டானசிக் கல் வரை காரிலேயே போகலாம். சோட்டாவுக்கு அரை மைல் போல நடக்க வேண்டும், சமதரைதான். கடையோ குடிநீரோ கிடையாது, வோனோரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் செக்கோயா அருங்காட்சியகம், அப்புறம் பக்கத்தில் லவுடன் கோட்டை, கடைசியாகக் கல்லும் தூண்களும் என்று வைத்துக்கொண்டால் கதை வரிசையாகப் புரியும். மாலை வெயிலில் சோட்டாவுக்குப் போய்ச் சேர்ந்தால் நல்லது.

நிலம் அவங்களோடது இல்லைன்னு கோர்ட்டு சொல்லிச்சே, இப்போ அது யாரோடது?

2023 ஜனவரியில் ஒரு சட்டம் கையெழுத்தானது. டெல்லிகோ ஏரிக்கரையில் சுமார் 76 ஏக்கர் ஈஸ்டர்ன் பேண்டுக்காகக் கூட்டரசு தன் பொறுப்பில் வைத்திருக்கும் நிலமாக ஒதுக்கப்பட்டது. சோட்டா நினைவிடம், டானசி நினைவிடம், அந்த எலும்புகள் உறங்கும் அருங்காட்சியக வளாகம் மூன்றும் அதில் அடக்கம். சூதாட்ட விடுதி கட்டக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள், அணைக்கும் ஏரிக்கும் தேவையான உரிமைகளை டி.வி.ஏ. தன்னிடமே வைத்துக்கொண்டது. 1819-ல் போன கரையில் ஒரு சின்னத் துண்டுதான் இது. அடுத்த முறை கல்லின் முன் நிற்கும்போது நீங்கள் நிற்பது செரோக்கி நிலத்தில்.